ஊன்றுகோலும் கண்ணும்

மக்கள் வாழ்வு ஒரே நிலையில் நிற்பதன்று. குழவிப்பருவம் நீங்க இளமையும், இளமை நீங்க முதுமையும் வருதல் போல, ஒவ்வொரு நிலையும் தனக்கு முன் நின்றதனை அகற்றிக்கொண்டே வருகின்றது. இளையார்க்கு நேரும் மாற்றங்களைப் பெற்றோரும் ஆசிரியரும் உடனிருந்து தாங்குவர். முதிர்ந்தார்க்கு நேரும் மாற்றங்களைத் தாங்குவார் யாவர்? பணியினின்று ஓய்வுபெற்ற மறுநாட் காலை, வாழ்க்கைத் துணை மறைந்தபின் வரும் முதல் மாலை, மக்கள் கடல்கடந்து சென்றபின் ஒலியவிந்து கிடக்கும் இல்லம் ஆகிய இவற்றின்கண் முதிர்ந்தவர் தாமே தமக்குத் துணையாதல் வேண்டும் என்பதே உலகினர் எண்ணம். ஆற்றாது தளர்ந்து பிறர் துணையை நாடுவாரை 'இவர்க்குத் திடமில்லை' என்பர். சிவனடியாராயின், 'இவர்க்குப் பத்தியில்லை' என்றும் கூறுவர். அவ்வாறு கூறுதல் சைவநூல் நெறிக்கு ஒத்ததா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

தொண்டைநாட்டில், சென்னை மாநகர்க்கு மேற்கே, பரங்கிமலையினின்றும் பூவிருந்தவல்லிக்குச் செல்லும் பெருவழியில் காட்டுப்பாக்கம் என்னும் ஊர் உளது. முன்னர் வயலும் ஏரியும் தோப்புமாய்க் கிடந்த இப்பகுதியில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்துள்ளன. பெருவழியின்மேல் தூண்கள் நிறுத்தி மெட்ரோ இருப்புப்பாதை அமைக்கப்பட்டுள்ளது. 1964-இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் உழைத்து ஓய்ந்தோரும், கணினி நிறுவனங்களில் வேலை பெற்றோரும் இழந்தோரும் இப்பக்கத்து ஊர்களில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஊரே நிலைமாறிக்கொண்டிருக்க, அதனகத்து வாழ்வார் நிலைமாற்றம் புலப்படாது மறைகின்றது. ஒரு சுவர்க்கு இப்பால் புதுமனை புகுவிழா. அப்பால், கணவனையிழந்து உறக்கமும் ஒழிந்த ஒருத்தி. இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

ஆயின், இந்நிலம் இவ்வினாவிற்கு விடைகூறவல்ல நிலமாகும். காட்டுப்பாக்கத்திற்குத் தெற்கே, பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பெருமான் பிறந்தருளிய குன்றத்தூர் உளது. வடக்கே மூர்க்க நாயனார் தோன்றிய திருவேற்காடு. அதற்கும் வடக்கே, அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடையில், வடதிருமுல்லைவாயில். கண்ணிரண்டும் இழந்த நம்பியாரூரர் தடவித் தடவி நடந்த வழி இத் தொண்டைநாட்டு வழியே என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, நிலைமாற்றத்தால் தளர்ந்தார்க்கு இக்காலத்து உளமருத்துவர் செய்வது யாது என்பதை முதற்கண் அறிதல் தகும். 1967-இல் ஓம்சு, இரேகி என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், மக்கள் வாழ்வில் நேரும் 43 நிகழ்ச்சிகளை எடுத்து, அவற்றால் உண்டாகும் அழுத்தத்தை அளந்து ஓர் அட்டவணை வகுத்தனர். அதன்கண் வாழ்க்கைத் துணையின் இறப்பிற்கு 100 என்னும் எண் தரப்பட்டது, திருமணத்திற்கு 50, பணி ஓய்விற்கு 45. துன்பமேயன்றி இன்பமும் மக்களை அசைக்கும் என்பதை அவ்வட்டவணை காட்டிற்று. இரும்பு விலங்கும் பொன் விலங்கும் விலங்கேயாதல் போல, தீவினையும் நல்வினையும் உயிரைப் பிணிக்கும் என்னும் கொள்கையுடைய சைவர்க்கு இது வியப்பன்று.

உளமருத்துவத்துள் பள்ளிகள் பல. ஆழ்மனத்துள் அழுந்திக்கிடப்பனவற்றை வெளிப்படுத்தல் ஒன்று. எண்ணங்களின் கோணலைக் கண்டு திருத்தல் ஒன்று. நடைமுறைப் பழக்கத்தை மாற்றல் ஒன்று. பரிவுடன் செவிசாய்த்தலே மருந்தெனக் கொள்ளல் ஒன்று. இவை நெடுங்காலம் தம்முள் மாறுபட்டுப் பூசலிட்டன. 1936-இல் ரோசன்சுவைக் என்பார், பள்ளிகள் வேறாயினும் பயன் ஒத்திருத்தற்கு அவையெல்லாவற்றிற்கும் பொதுவாகிய கூறுகளே காரணமாகலாம் என்று எழுதினார். பின்னர் 1983-இல் இப்பள்ளிகளை இணைத்துக் காண்பதற்கென்றே ஒரு சங்கம் அமெரிக்காவில் அமைந்தது. இங்ஙனம் தோன்றியதே ஒருங்கிணைந்த உளமருத்துவம் எனப்படுவது. அம்முறையிற் பழகிய மருத்துவர், வந்தவர் உறங்குகின்றாரா, உண்கின்றாரா என்று உடலை வினவுவர். நெஞ்சிற் சுழலும் எண்ணம் யாதென்று கேட்பர். அடக்கிய அழுகைக்கு இடந்தருவர். நாளொன்றுக்கு ஒரு சிறு செயலை ஏற்படுத்துவர். வேண்டுழி இல்லத்தாரையும் அழைத்துப் பேசுவர். நோய் முற்றியவிடத்து மருந்து தரும் மனநோய் மருத்துவரிடம் அனுப்புவர். மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றும் ஒருங்கு திருந்தினாலன்றி ஒன்று திருந்தாது என்பது சைவர்க்குப் பழகிய உண்மையேயாகலின், இம்முறை அவர்க்கு அயலானதன்று.

இவ்வுதவியை நாடுதற்குச் சைவருள் சிலர் கூறும் தடைகள் இரண்டு. 'வந்த துன்பம் பிராரத்தம். அது நுகர்ந்தே கழிதற்குரியது. அதனை விலக்க முயல்வது பேதைமை' என்பது முதற்றடை. இது பொருந்தாது. என்னை? காய்ச்சல் கண்டபோது இவ்வாறு கூறுவார் இலர். உடற்பிணிக்கு மருந்துண்பவர், உட்பிணிக்கு மட்டும் வினையைக் காட்டி வாளாவிருத்தல் தம்முள் முரண்படும். அன்றியும், நுகர்ச்சி வேறு. நுகரும் முறை வேறு. வந்ததனை வெறுப்பும் சினமும் கொண்டு நுகருங்கால் ஆகாமியம் ஏறுகின்றது. அவ்வெறுப்பைத் தணித்து, வந்ததனைத் தாங்கும் வலியைத் தருவது எதுவோ, அது பிராரத்தத்திற்குப் பகையன்று, ஆகாமியத்திற்கே பகை.

ஆளுடைய பிள்ளையார் கொங்குநாட்டுத் திருக்கொடிமாடச் செங்குன்றூரை அடைந்தபோது, அந்நிலத்திற்கு இயல்பாகிய குளிர்சுரம் அடியார்களைப் பற்றிற்று. அங்கு அவர் அருளிய திருநீலகண்டத் திருப்பதிகத்தின் தொடக்கக் கருத்து யாது? முன்செய்ததற்கு இது பயன் என்று உரைத்துக்கொண்டு, உய்யும் வழியைத் தேடாதிருப்பது குறையேயாகும் என்பதன்றோ? வினைக்கொள்கையை மறுத்து அவர் இதனைக் கூறினாரல்லர். வினைக்கொள்கையைச் சோம்பலுக்கும் அன்பின்மைக்கும் போர்வையாக்குவதனையே கடிந்தார். பதிகம் பாடித் தொண்டர்களின் பிணி தீர்த்தார். அந்நாட்டினின்றும் அப்பிணி நீங்கவும் செய்தார்.

இதன்கண் மற்றொன்றும் உணரற்பாலது. வினை சடம், அது தானே சென்று பயன் தராது, அவரவர் வினையை அறிந்து ஊட்டுவான் இறைவன் ஒருவனே என்பது சித்தாந்தத்தின் துணிபு. எனவே, பிறர் ஒருவர் துன்பத்தைக் கண்டு 'இஃது உன் வினை' என்று உரைப்பவர், இறைவன் ஒருவனுக்கே உரிய அறிவைத் தமக்கு உளதாகக் கொண்டவராகின்றனர். தம் துன்பத்தைத் தம் வினையென ஏற்பது அடக்கம். பிறர் துன்பத்தை அவர் வினையெனச் சுட்டுவது செருக்கு. சொல் ஒன்றே, சொல்லும் வாயால் அறம் வேறுபடுகின்றது.

இரண்டாவது தடை, 'ஈசனைச் சார்ந்தார்க்கு மனிதர் துணை எற்றுக்கு? கோயிலிருக்க மருத்துவர் இல்லத்தை நாடுவது நம்பிக்கைக் குறைவன்றோ?' என்பது. இதற்கு விடையாக நிற்பது நம்பியாரூரர் வரலாறு.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, அவரைப் பிரியேன் என்று மகிழின்கீழ் ஆணையிட்டார் ஆரூரர். பின்னர்த் திருவாரூர் வசந்தவிழா நினைவில் எழ, ஆணையை மறந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார்; கடந்த அளவிலே கண்ணிரண்டும் ஒளியிழந்தன. தம்பிரான் தோழர் என்னும் பேறு பெற்றவர், நேற்றுவரை தாம் நடந்த உலகில் இன்று அடியெடுத்து வைக்க அறியாது மூர்ச்சித்தார். நிலைமாற்றம் என்பது இதனினும் கொடிதாய் ஒருவர்க்கு வருதல் அரிது. குற்றம் தம்மதே என்பதை அவர் அறிவார். அறிந்தும் இறைவனை வேண்டினார். வடதிருமுல்லைவாயிலிற் பாடினார், கண் வரவில்லை. திருவெண்பாக்கத்தை அடைந்து, 'கோயிலுள் உளீரோ' என்று முறையிட்டார். இறைவன் கண்ணைக் கொடுத்தானல்லன். ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்து, 'உளோம், போகீர்' என்னும் கருத்துப்பட விடையிறுத்தான்.

கண் வேண்டினார்க்குக் கோல் கிடைத்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று அதனைத் தள்ளியிருப்பின், ஆரூரர் வெண்பாக்கத்திலேயே நின்றிருப்பர். கோலை ஊன்றித் திருவாலங்காடு சென்றார், காஞ்சி அடைந்தார், திருவேகம்பத்தில் இடக்கண் பெற்றார். ஒரு கண்ணோடு சோழநாடு புகுந்தார். திருத்துருத்தியில் வடகுளத்தில் மூழ்க, உடலைப் பற்றியிருந்த பிணி நீங்கிற்று. திருவாரூரில் வலக்கண் பெற்றார். அம்மட்டோ? பரவையார் ஊடிக் கதவடைத்திருந்தார். கண் இரண்டும் பெற்றவர்க்கு இல்லம் இல்லாதொழிந்தது. அப்பொழுது அப்பெருமானே நள்ளிரவில் இருமுறை தூது நடந்து அவ்வூடலைத் தீர்த்தான்.

சேக்கிழார் பெருமான் இதனை வகுத்துரைக்கும் முறையில் ஓர் அரிய உண்மை அமைந்துள்ளது. முதலில் நடத்தற்குத் துணை. பின் பாதிப் பார்வை. பின் உடல் நலம். பின் முழுப் பார்வை. இறுதியில் உறவின் சீர்மை. எல்லாம்வல்ல இறைவன் ஓர் இமைப்பொழுதில் இவற்றையெல்லாம் தந்திருத்தல் கூடும். தோழராகிய அடியார்க்கே படிப்படியாகத் தந்தான். எனின், ஏனையோர் தளர்ச்சி ஒரே நாளில் தீர்தல் வேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் தகும்? உடலும் உள்ளமும் இல்லமும் தனித்தனியே ஆறவேண்டுவன. ஒன்று ஆறியது கொண்டு மற்றொன்றும் ஆறிற்றென முடிவுகட்டலாகாது. கணவனையிழந்தாள் மீண்டும் உண்ணத் தொடங்கினாள் என்பது கோல் கிடைத்த அளவேயாம். அவள் காஞ்சிக்கு இன்னும் வழி உளது.

மேலும், கோல் மரமாயினும் அதனை அளித்த கை சிவன் கை. மனிதர் வழியாக வரும் உதவியை அருளின் வேறாகப் பிரித்தல், கோலை ஏற்று அதனை அளித்தவனை மறத்தல் போலும் பிழை. தமிழர் இத்துணைக்கு இக்காலத்தில் இட்டுள்ள பெயரே இதனை விளக்கும். உளநலத் துணைவரை ஆற்றுப்படுத்துநர் என்கின்றனர். வள்ளலிடம் பரிசில் பெற்றவன், பெறாதவனை எதிர்ப்பட்டு, அவ்விடத்திற்கு வழிகூறி அனுப்புவதே ஆற்றுப்படை. வழிகூறுவான் வள்ளலல்லன், அவன் தான் நடந்த வழியை அறிந்தவன். திலகவதியார் இதற்குச் சான்றாவார். தந்தை மறைந்தார், தாயும் உடன் மறைந்தார், மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் வீழ்ந்தார். உயிர்விடத் துணிந்த அவரைத் தடுத்தது தத்துவ உரையன்று. 'நீர் போவீராயின் நான் முன்னே போவேன்' என்னும் கருத்துடன் தம்பியார் அடிவீழ்ந்து அழுத அழுகையே. தம்பிக்காக உயிர் தாங்கிய அவரே, பின்னர்ச் சூலைநோயால் அலமந்து வந்த தம்பியாரைத் திருநீறு அளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். தாங்கப்பட்டவர் தாங்குபவராயினார். அவர் துணையால் உலகிற்குத் திருநாவுக்கரசர் கிடைத்தார்.

இத்துணையை நிறுவனமாக அமைத்தலும் இந்நாட்டிற்குப் புதிதன்று. 1871-இல் கீழ்ப்பாக்கத்திற்கு வந்தமைந்த அரசு மனநோய் மருத்துவமனையின் தலைமையை 1961-இல் ஏற்ற மருத்துவர் சாரதா மேனன், ஓய்வுபெற்றபின் 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் மனநல அறநிலையத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். ஓய்வு என்னும் நிலைமாற்றத்தை அவர் எவ்வாறு பயன்கொண்டார் என்பது கருதத்தக்கது. உயிர்விட முயன்றாரைக் கடும் மனவழுத்தமுற்றாராகக் கொண்டு, தண்டியாது பராமரித்தல் வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்தது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசித் துணையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் ஒழிந்து, வாழ்வே வேண்டாவென உரைப்பார் ஒருவர் அண்டை வீட்டில் இருப்பின், அவர்க்கு இதனை அறிவிப்பதும் உடன் அழைத்துச் செல்வதும் சிவபுண்ணியத்தின் பாற்படும்.

இனி, கோல் கொடுப்பார்க்கும் ஒன்று கூறவேண்டும். ஆரூரர் வெகுண்டு கோலை எறிய, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்றொரு வரலாற்றை வெண்பாக்கத் தலத்தார் வழங்குவர். கண்ணை இழந்தவர் கோலைக் கண்டு சினத்தல் இயல்பு. உதவி செய்யப் புகுந்தவர், தாம் தந்ததே தம்மேல் எறியப்படக் காணுதலும் உண்டு. அப்பொழுது நந்தி அசைந்திலது; இறைவன் வெகுண்டிலன். துன்புற்றாரின் சினத்தைத் தாங்க மாட்டாதார் துணையாதற்கு உரியரல்லர்.

அவ்வாறே, கோலையே கண் என விற்பதும் தகாது. உளமருத்துவம் உறக்கத்தை மீட்கும், எண்ணத்தை நேராக்கும், பிளவுற்ற இல்லத்தைக் கூட்டும். 'பதவியும் போயிற்று, துணையும் போயிற்று. இனி யான் யார்?' என்னும் வினாவைக் கேட்கும் வலிமையையும் தரும். அவ்வினாவின் முடிந்த விடையைத் தருதல் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. உயிர், சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. செம்மலர் அருகிருக்கச் சிவந்து தோன்றும் படிகம் போன்றது. நாற்பது ஆண்டு அலுவலைச் சார்ந்தவர் அலுவலே தாமென்று இருந்தார். மலரை அகற்றியவுடன் படிகம் வெறுமையாய்த் தோன்றுகின்றது, அவர் நடுங்குகின்றார். அவ்வெறுமை அழிவன்று, படிகம் படிகமாய் நிற்கும் பொழுது அது. அடுத்துச் சாரவேண்டுவது மற்றொரு வாடும் மலரோ, வாடாத ஞாயிற்றின் ஒளியோ என்பதைத் தேரும் வாய்ப்பு அப்பொழுதே வாய்க்கின்றது. திருவடியைச் சார்ந்து அதன் வண்ணமாதலே கண்பெறுதல்.

ஆயினும், இவ்வுண்மையைக் கூறுதற்குக் காலம் உண்டு. நேற்றுக் கணவனை எரியூட்டி வந்தவளிடம் படிகத்தையும் மலரையும் எடுத்துரைப்பது ஞானமன்று, கொடுமை. வெண்பாக்கத்தில் கோல், காஞ்சியில் கண் என்னும் முறை இறைவன் வகுத்த முறை. கோல் கொடாது கண்ணைப் பற்றி விரித்துரைப்பவர், எத்துணை நூல் கற்றவராயினும், அம்முறையைக் கல்லாதவரே. கோல் கிடைத்ததே போதுமென்று வெண்பாக்கத்திலேயே அமர்ந்துவிடுபவரும் அங்ஙனமே.

ஆணை பிழைத்த குற்றம், கண் மீண்டமையால் குற்றமன்றாயிற்று என்று கொள்ளற்க. உதவி பெறுதற்குக் குற்றமற்றிருத்தல் வேண்டும் என்பதொரு விதி இல்லை என்பதே அவ்வரலாறு கூறுவது. தம் பிழையால் வேலையிழந்தவர்க்கும், தம் சினத்தால் இல்லம் பிரிந்தவர்க்கும் கோல் உண்டு. பிழையைத் தெளிவுற நோக்குதற்கும் அவர்க்குக் கண் வேண்டுமன்றோ?

திருவெண்பாக்கத்துப் பழங்கோயிலும் இன்று தன் இடத்தில் இல்லை. சென்னைக்குக் குடிநீர் வேண்டிக் கொசத்தலையாற்றின் குறுக்கே 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது, அத்திருக்கோயிலின் நிலம் நீருள் ஆழ்ந்தது. திருமூர்த்தங்கள் பூண்டிக்கு எழுந்தருளுவிக்கப்பெற்று, அங்கே புதுக்கோயில் எழுந்தது. கோல் தந்த பெருமான் ஊன்றீசர் என்னும் பெயருடன் இன்றும் அங்கே விளங்குகின்றார். பூண்டி நீர் கால்வாய் வழியே காட்டுப்பாக்கத்தை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரிக்கும் வருகின்றது. இடம் பெயர்ந்தது, இறைவன் பெயர்ந்திலன், ஆழ்த்திய நீரே ஊர்க்கு உண்ணுநீராயிற்று. அந்நீரை உண்டு வாழும் அன்பர்கள், அடுத்த கதவின் பின்னே தளர்ந்திருப்பார்க்கு 'உளோம், வருக' என்று ஒரு சொல் சொல்லுதற்கும், தாம் தளர்ந்த நாளில் நீட்டப்பெறும் கோலை நாணாது பற்றுதற்கும் கடமைப்பட்டவராவர்.

திருச்சிற்றம்பலம்.